அறுபத்தைந்து வாட்ஸ் வீரன்

எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரைத் தேர்ந்தெடுத்தது நான்தான் என்று கம்பம் ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்தவன் நான். அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது. பள்ளிக்கூடத்தில் கணக்கு வராது, அறிவியல் வராது. ஆனால் எந்த கேமுக்கு எந்த புராசஸர் வேண்டும் என்று கேட்டால் தூக்கத்திலும் சொல்வேன்.

கம்ப்யூட்டர் வந்தது எனக்காக அல்ல, அக்காவுக்காக. அக்கா பி.காம். முடித்திருந்தாள். டாக்டர்கள் பேசிப் பதிந்ததைக் கேட்டு, வீட்டிலிருந்தே தட்டச்சு செய்கிற வேலை ஒன்று அவளுக்குக் கிடைக்கும் போலிருந்தது. ஒரு மாதம் சோதனை. காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்து வரை லைனில் இருக்க வேண்டும். மூன்று முறை பாதியில் லைன் அறுந்தால் வேலை கிடையாது.

எங்கள் வீட்டில் அப்பா என்றால் அத்தா. அதே நேரத்தில், அந்த அத்தாவின் அண்ணனான பெரியத்தா, போடியிலிருந்து அக்காவுக்கு ஒரு சம்பந்தம் கொண்டுவந்து உட்கார்ந்துவிட்டார். அக்காவுக்கு இஷ்டமில்லை. அண்ணன் பேச்சைத் தட்டி அத்தாவுக்கும் பழக்கமில்லை. எல்லார் முன்னாலும் அத்தா ஒரு தீர்ப்புச் சொன்னார்.

"ஒரு மாசம் பாப்போம்ணே. வேலை நெலச்சுச்சுன்னா புள்ள வேலை பாக்கட்டும். நெலைக்கலைன்னா போடிக்காரகளுக்குச் சரின்னு சொல்லிருவோம்."

பெரியத்தா சிரித்துக்கொண்டே சம்மதித்தார். சிரிக்காமல் என்ன செய்வார்? எங்கள் தெருவுக்குக் கரண்ட் வருவது, மாப்பிள்ளை மாமனார் வீட்டுக்கு வருவது மாதிரி. எப்போது வரும், எவ்வளவு நேரம் இருக்கும் என்று யாரும் கேட்டுவிட முடியாது. வீட்டில் ஒரு இன்வர்ட்டர் இருந்தது. அதன் பேட்டரி இரண்டு ஃபேன் ஓடினாலே மூச்சு வாங்கும்.

தேனியில் கம்ப்யூட்டர் கடை வைத்திருந்த மாமா, அம்மாவின் தம்பி, அக்காவிடம் போனில் இரண்டு வழி சொன்னார்.

"இங்க பாரு தாயி, ஒண்ணு கேமுக்குன்னே உள்ள புராசஸரு. அறுபத்தஞ்சு வாட்ஸ். வெல கம்மியில அமையுது. ஆனா கூடவே ஒரு கிராஃபிக்ஸ் கார்டு போடணும். ரெண்டும் சேந்தா கரண்ட்டக் குடிச்சுத் தீத்துரும். இன்னொண்ணு முப்பத்தஞ்சு வாட்ஸ். பரம சாது. கேமுக்கு லாயக்கில்ல, வேலைக்குப் போதும்."

"சாதுவையே போடுங்க மாமா" என்றாள் அக்கா.

எனக்கு வயிறு எரிந்தது. ஊருக்குள் முதன்முதலாக ஒரு நல்ல கம்ப்யூட்டர் வரப்போகிறது, அதில் போய்ச் சாதுவை உட்கார வைப்பதா? நேராகத் திராட்சைத் தோட்டத்துக்கு ஓடினேன். பந்தலுக்கு அடியில் அத்தா கத்தரியோடு நின்றிருந்தார். கம்ப்யூட்டர் என்றால் அவருக்கு ஒன்றும் தெரியாது. மோட்டார் என்றால் எல்லாம் தெரியும். அந்தப் பாஷையிலேயே பேசினேன்.

"அத்தா, புராசஸர்ங்கிறது கம்ப்யூட்டருக்கு மோட்டார் மாதிரி. அக்கா கேக்கிறது அர எச்.பி. நான் சொல்றது அஞ்சு எச்.பி."

கத்தரி நின்றது. "அப்பிடியா? கரண்ட்டு எப்பிடி இழுக்கும்?"

"நல்லா இழுக்கும்த்தா! ரெண்டு பங்கு இழுக்கும்!" என்றேன் பெருமையோடு.

"வெவரமாத்தான் பேசுற" என்றார். "நீ மாமாகிட்ட ஒண்ணும் சொல்லாத. நானே பேசிக்கிறேன்."

சாயங்காலம் சாப்பிடும்போது, நான் சொன்னதையும் யோசித்துப் பார்க்கப் போவதாக அத்தா அறிவித்தார். அக்காவின் கை தட்டிலேயே நின்றுவிட்டது.

"ஏலே, எனக்குக் கல்யாணம் முடிச்சு வெரட்டணும்னே அலையிறியா?"

"பிரியாணி போடுறாகன்னா வேணாம்னு சொல்ல நான் என்ன கிறுக்கனா?"

வழக்கமாக இதற்கு என் தலையில் ஒரு கொட்டு விழும். அன்று விழவில்லை. அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள். கொட்டு மிச்சம் என்று நான் சந்தோஷப்பட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை அத்தாவும் நானும் தேனிக்குப் போனோம். மாமா கடையில் பெட்டி பிரித்து வைத்திருந்தது. சரியாகப் புராசஸர் மாட்டுகிற நேரத்தில் அத்தா எனக்குப் பருத்திப்பால் குடிக்கக் காசு கொடுத்து அனுப்பினார். திரும்பி வந்தபோது எல்லாம் மூடியாகிவிட்டது. ஒரு பக்கம் கறுப்புக் கண்ணாடி, உள்ளே மூன்று ஃபேன், ஃபேனைச் சுற்றிப் பச்சையும் நீலமுமாக விளக்கு. தர்கா கந்தூரி விழாப் பந்தல் மாதிரி மின்னியது.

"அறுபத்தஞ்சு வாட்ஸா மாமா?"

"பாத்தாலே தெரியலையா மருமகனே?" என்றார் மாமா.

தெரிந்தது. பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். ஊருக்குள் இறங்கியதும் முதலில் பெரியத்தா வீட்டுக்குத்தான் போனேன். இன்வர்ட்டரை ஒரே மடக்கில் குடிக்கிற புராசஸர் வாங்கியிருக்கிறோம் என்று விளக்கமாகச் சொன்னேன். பெரியத்தா என்னை அணைத்துக்கொண்டு புரோட்டா வாங்கிக் கொடுத்தார். அன்றிலிருந்து அவர் சம்பந்தத்தைப் பற்றி அத்தாவிடம் வாயே திறக்கவில்லை. மாதம் முடியட்டும் என்று நிம்மதியாக இருந்தார்.

கேம் என்னவோ கொஞ்சம் திக்கித் திக்கித்தான் ஓடியது. பார்க்க வந்த பையன்கள், "என்னடா, உன் ஆளு நொண்டுறான்?" என்றார்கள். "புராசஸர் வேகத்துக்கு கேம் ஈடு குடுக்க முடியலடா" என்றேன். நம்பினார்கள். நானும் நம்பினேன்.

மூன்றாவது வாரம் டிரான்ஸ்ஃபார்மர் வெடித்தது. பகல் பதினொரு மணி. அதற்குள் அக்காவுக்கு நெட் கோளாறில் இரண்டு முறை லைன் அறுந்திருந்தது. இன்னும் ஒன்றுதான் பாக்கி. அத்தா வீட்டில் இருந்த அத்தனை ஃபேனையும் லைட்டையும் நிறுத்தினார். ஃப்ரிட்ஜ் வயரைப் பிடுங்கினார். செய்தி கேட்டுப் பெரியத்தா வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்தார். அம்மா முந்தானையால் விசிறிக்கொண்டே ஓதிக்கொண்டிருந்தாள். அக்கா திரும்பிக்கூடப் பார்க்காமல் தட்டிக்கொண்டிருந்தாள். கழுத்தில் வியர்வை வழிந்தது.

பன்னிரண்டு ஆனது. ஒன்று ஆனது. பெட்டி பச்சையும் நீலமுமாக மின்னிக்கொண்டே இருந்தது. மூன்று மணிக்குக் கரண்ட் வந்தபோதும் மின்னியது.

"என்னப்பா இது? ரெண்டு பங்கு இழுக்கும்னாகளே?" என்றார் பெரியத்தா.

"பெரிய புராசஸர்னா சும்மாவா பெரியத்தா!" என்றேன் நான்.

"என்னமோண்ணே, அல்லா செயல்" என்றார் அத்தா.

அக்காவுக்கு வேலை நிலைத்தது. போடிக்காரர்கள் சின்னமனூரில் பெண் எடுத்தார்கள். எனக்குப் பிரியாணி போயிற்று.

போன மாதம்தான் அந்தப் பெட்டியைத் திறந்தேன். இப்போது நானே ஒரு கடையில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கிறேன். ஃபேனில் அடைத்திருந்த தூசியைத் துடைத்து, பழைய பசையைச் சுரண்டினால், கீழே புராசஸரின் பெயர் தெரிந்தது. முப்பத்தைந்து வாட்ஸ். கிராஃபிக்ஸ் கார்டு இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சிலந்தி குடும்பம் நடத்திக்கொண்டிருந்தது.

மாமாவுக்குப் போன் போட்டுத் திட்டினேன்.

"என்னைய ஏன்டா வையிற? எல்லாம் உங்க அத்தா ஏற்பாடு. நீ மோட்டார்னு சொன்னப்பறந்தான் அவுகளுக்கு வெளங்குச்சாம். 'மாப்ள, வோல்டேஜ் இல்லாத ஊருல பெரிய மோட்டார் போட்டா காயில் கருகும்னு எனக்குத் தெரியாதா? சின்னதையே மாட்டு. பயலுக்கு வெளிய லைட்டப் போட்டு விடு. இவனுக்குத் தெரிஞ்சா அசர் தொழுகைக்குள்ள அண்ணனுக்குத் தெரிஞ்சிரும்'னாக. உங்க அக்காவுக்கு அன்னைக்கே சொல்லியாச்சு."

ஆக, வீட்டில் தெரியாத ஆள் நான் ஒருவன்தான். பெரியத்தாவிடம் புரோட்டா தின்று அத்தாவின் வேலையைக் கச்சிதமாக முடித்துக் கொடுத்தவனும் நான்தான்.

கரண்ட் வந்த அந்த மூன்று மணிக்கு, பெரியத்தா செருப்பை மாட்டிக்கொண்டு வெளியேறியதும், அத்தா சுவர்ப் பக்கம் திரும்பி நின்றார். துண்டால் முகத்தை மூடியிருந்தார். தோள் குலுங்கியது. பாவம், நல்ல சம்பந்தம் கைவிட்டுப் போன துக்கத்தில் அழுகிறார் என்று எனக்கு மனசு கேட்கவில்லை. பக்கத்தில் போய் முதுகைத் தடவினேன்.

"விடுங்கத்தா. போடி இல்லைன்னா வேற ஊரே இல்லையா?"

தோள் இன்னும் வேகமாகக் குலுங்கியது. நான் அழாமல் தைரியமாக நின்று தடவிக்கொண்டே இருந்தேன்.