பெயிண்ட் பிரிவுப் பால்

புனே பக்கம் போசரியில் எங்கள் கம்பெனியின் பெயிண்ட் பிரிவுக்கு யாரும் விரும்பிப் போவதில்லை. இருதயராஜ் ஒருவன்தான் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தான். பேக்கிங்கில் சுகமாக உட்கார்ந்து அட்டைப்பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தவன். கூலி இரண்டு இடத்திலும் ஒன்றுதான். "உனக்கென்ன கிறுக்கா?" என்று கேட்டேன். சிரித்தான்.

காரணம் பால். பெயிண்ட் அடிக்கிறவன் நெஞ்சில் படியும் விஷத்தைப் பால் கழுவிவிடும் என்பது கம்பெனி வைத்தியம். ஆளுக்குத் தினம் ஒரு பாக்கெட். சூப்பர்வைசர் பக்தவத்சலத்தின் கண்முன்னே குடித்துவிட வேண்டும். வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது.

இது 1993. அவன் மகள் காவ்யாவுக்கு ஒன்றேகால் வயது. எடை ஏழு கிலோகூட இல்லை. இந்த வயதில் பால் கொடுக்காமல் விட்டுவிட்டால் பின்னால் லட்சம் சம்பாதித்து ஊட்டினாலும் உடம்பில் ஒட்டாது என்று விஷ்ராந்த்வாடி கிளினிக்கில் நர்ஸ் சொல்லிவிட்டாள். லட்சம் அவன் சம்பாதிக்கப் போவதில்லை என்பதும் தெரிந்த விஷயம்தான்.

முதல் நாளே பக்தவத்சலத்திடம் போனான். "சார், வேளாங்கண்ணி மாதாவுக்கு நேர்ந்திருக்கேன். நான் பால் தொடக்கூடாது."

திருப்பதிக்கு வருஷம் தவறாமல் மொட்டை போடுகிற மனுஷர் அவர். "வேண்டுதல்னா மீறக்கூடாதுப்பா. பாக்கெட்டை வீட்டுக்கு எடுத்துட்டுப் போ" என்றார். சாமி வேறானாலும் பயம் ஒன்றுதானே!

பொய் வேண்டுதல்தான். ஆனால் மெய்யான வேண்டுதலைக்கூட இத்தனை ஒழுங்காகக் காத்தவனை நான் பார்த்ததில்லை. எங்கேயும் பால் விடாத டீதான். என் தங்கை கல்யாணத்தில் பாயசத்தையும் தள்ளி வைத்தான். மனைவி லீலாவிடம், கம்பெனியில் மிஞ்சுகிற பால் என்று இன்னொரு பொய். நாங்கள் பத்து மணிக்குப் பாலைக் குடித்துவிட்டு, நெஞ்சு கழுவிய நிம்மதியில் பெயிண்ட் அடித்தோம். அவனைப் பார்த்தால் எனக்கு ஆத்திரமாக வரும்.

"நீ செத்தா அதுக்கு யாருடா சோறு போடுவா?" என்று ஒருநாள் கத்தியேவிட்டேன்.

"அஞ்சு வயசு வரைக்கும்தான், ஜம்பு அண்ணே."

அஞ்சு பத்தாகியும் அவன் நிறுத்தவில்லை.

2008-ல் எங்கள் எல்லோருக்கும் எக்ஸ்ரே எடுத்தார்கள். ரிப்போர்ட் வாங்கக் காவ்யாவும் கூட வந்தாள். ஜூனியர் காலேஜ், அப்பாவைவிட நாலு விரல் உயரம், கபடியில் மூன்று பேரைச் சேர்த்து இழுப்பாள்.

டாக்டர் என் படத்தையும் அவன் படத்தையும் விளக்கில் மாட்டினார். இரண்டு நெஞ்சிலும் ஒரே வெள்ளைத் திட்டு. எது யாருடையது என்று பெயரைப் பார்த்துத்தான் சொன்னார். பதினைந்து வருஷம் குடித்த எனக்குப் பொறுக்கவில்லை. அந்தப் பால் ஒன்றுமே செய்யவில்லையா என்று கேட்டேன். பெயிண்ட் போவது நுரையீரலுக்கு, பால் போவது வயிற்றுக்கு என்றார்.

நான் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டேன். இருதயராஜ் இருமலுக்கு நடுவே சிரித்தான். "நல்லவேளை அண்ணே, நான் ஒரு பாக்கெட்டுகூட வீணாக்கல!"

எந்தப் பாக்கெட் என்று காவ்யா என்னைக் கேட்டாள். சொல்லாதே என்று அவன் கண்ணைக் காட்டினான். நான் சொல்லிவிட்டேன்.