நாவலில் செத்தவருக்கு என் வீட்டில் துட்டி

நாற்பது வருஷக் குடித்தனத்தில், போன வருஷம் வரை, என் வீட்டுக்காரி அழுது நான் காதால் கேட்டதில்லை. அழவே இல்லை என்று சொல்ல மாட்டேன். கீழே தறிக்கூடம், மேலே வீடு. இருபத்திரண்டு விசைத்தறி ஒரே நேரத்தில் அடிக்கும்போது இடி விழுந்தால்கூட மின்னலைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். ரேடியோ எடுபடவில்லை, டிவி எடுபடவில்லை. அவள் நாவலைப் பிடித்துக்கொண்டாள். அந்தச் சத்தத்துக்குள் ஓடக்கூடியது அது ஒன்றுதான்.

இருபத்திரண்டு தறி சும்மா வந்துவிடவில்லை. அஞ்சாம் வகுப்போடு சிலேட்டைக் கீழே வைத்தவன் நான். கூலிக்கு நெய்தேன். பிறகு சொந்தமாக நாலு தறி போட்டோம். முதல் பன்னிரண்டு வருஷம் அவளும் பக்கத்துத் தறியில் நின்று நெய்தாள். அந்த நாலு தறிக்கு கனெக்‌ஷன் கேட்டு நான் கரண்டு ஆபீசுக்குப் போனபோது, நான் பேசிய பேச்சைக் கேட்டு ஆபீசர் நாற்காலியை விட்டு எழுந்து கை கொடுத்தார். சங்கரன்கோவிலில் இந்தக் கதையைக் கேட்காத ஆள் கிடையாது. நான் "அன்னைக்கு கரண்டு ஆபீசுல" என்று தொடங்கினாலே அவள், "ஆபீசர் எந்திரிச்சாரு, கை குடுத்தாரு, சாப்பிட வாங்க" என்று முடித்துவிடுவாள்.

போன வருஷம், பராமரிப்பு வேலை என்று பகல் முழுக்க கரண்டை நிறுத்திய ஒரு நாளில், மேலேயிருந்து விம்மல் கேட்டது. இந்த வயதிலும் இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறினேன். அவள் சன்னல் பக்கம் உட்கார்ந்து முந்தானையை வாயில் பொத்திக்கொண்டிருந்தாள்.

"ஏட்டி, என்னாச்சு? குருவிகுளத்துல இருந்து போன் வந்துச்சா?"

அவள் பிறந்த ஊர் அது. அவள் அண்ணன் அங்கே ஒரு மாதமாகப் படுக்கையில் கிடந்தார். அவளால் பேச முடியவில்லை. தலையை எப்படியோ ஆட்டினாள். நான் முடிவுக்கு வந்துவிட்டேன். சாவு வீட்டுத் துட்டிக்குப் போக வெள்ளைச் சட்டையை மாட்டி, தோளில் துண்டைப் போட்டு, பூக்கடைக்குப் போன் அடித்து, "பெரிய மாலையாக் கட்டும் வே, மச்சினன் முறை" என்று சொல்லியும் ஆயிற்று. அப்புறம்தான் அவளுக்குப் பேச்சு வந்தது.

"அவரு போயிட்டாரு."

"தெரியுதுட்டி. எப்ப எடுக்காங்க?"

"எங்க அண்ணன் தலையில ஏன் மண்ண அள்ளிப் போடுதீய? இவரச் சொல்லுதேன்." மடியில் கிடந்த புத்தகத்தைத் தொட்டுக் காட்டினாள். பிறகு எழுந்து போய், துட்டி கேட்ட மாதிரி தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு வந்தாள்.

மாலையைப் பூக்காரர் திரும்ப எடுக்கவில்லை. செத்தவருக்குக் கட்டியதை சாமி படத்துக்கும் போட முடியாது. தறிக்கூட வாசல் ஆணியில் தொங்கவிட்டேன். அது காயும் வரை போகும்போதும் வரும்போதும் என் கண்ணில் பட்டது. எவனோ ஒருவன், என் செலவில் மாலை, என் பெண்டாட்டியின் கண்ணீர்! அதுவும் 'அவரு'! என்னையும் அவள் அப்படித்தானே சொல்கிறாள்?

அதற்கு முந்தின வருஷம் என் நெஞ்சுக்குள் ஸ்டென்ட் வைத்தார்கள். ஆஸ்பத்திரியில் அவள் மருந்துச் சீட்டைக் கையில் பிடித்துக்கொண்டு சிலை மாதிரி நின்றாள். ஒரு சொட்டுக் கண்ணீரை நான் பார்க்கவில்லை. நாளைக்கு நான் போனால் இவள் அழுவாளா? இல்லை, சீட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பாளா? இதைத் தெரிந்துகொள்ளாமல் எனக்குச் சோறு இறங்கவில்லை. அவனிடம் அப்படி என்ன இருக்கிறது என்று பார்த்துவிட, அந்தப் புத்தகத்தை அவளுக்குத் தெரியாமல் எடுத்துக்கொண்டு கீழே வந்தேன்.

எனக்கு மனதுக்குள் படிக்க வராது. வாய்விட்டுத்தான் படிப்பேன், விரலை வரிக்கு அடியில் வைத்து. தறிக்கூடத்தில் எந்தக் காதில் விழப்போகிறது என்ற தைரியம். தினம் பத்துப் பக்கம். அவன் ஒரு மலையூரில் குடை ரிப்பேர் செய்கிறவன். கடைகூட சொந்தம் கிடையாது. வாடகை கேட்டு ஆள் வந்தால் கதவுக்குப் பின்னால் ஒளிகிறான். ஒரு தறி வாங்க வக்கில்லை, இவனுக்கா என்று பல்லைக் கடித்துக்கொண்டே படித்தேன்.

எட்டாம் நாள் டீக்காகத் தறியை நிறுத்தியபோது, எதிர்த் தறியில் நெய்கிற அம்மாள் கேட்டாள்: "மொதலாளி, அந்தக் குடைக்காரரு நேத்து கதவுக்குப் பின்னால நின்னாருல்லா, பொறவு என்ன ஆச்சு?"

"ஒனக்கு எப்படித் தெரியும்?"

"நீங்கதான படிச்சீய? நாங்க நாலு பேரும் பாத்துக்கிட்டுத்தான் இருக்கோம். கொஞ்சம் வெரசாப் படிங்க மொதலாளி. நீங்க எழுத்துக்கூட்டி முடிக்கதுக்குள்ள எனக்கு இழை அறுந்து போவுது."

எனக்குப் புத்தி எங்கே போயிற்று என்று தெரியவில்லை. தறி ஓடும்போது உதட்டைப் பார்த்தே பேசிக்கொள்கிற கூட்டம் அல்லவா நாங்கள்! குடைக்காரன் செத்த பக்கத்தைப் படித்த அன்று அந்த அம்மாளும் கண்ணைத் துடைக்க முந்தானையை எடுத்துவிட்டாள். கூலி நான் கொடுக்கிறேன், அழுகை அவனுக்கு. எனக்கு அழுகை வரவில்லை. எரிச்சல்தான் வந்தது.

அடுத்து அவள் படித்து முடித்த நாவலையும் எடுத்தேன். அதில் ஒரு தறிக்காரன் வருகிறான். எழுதியவர் தறிச் சத்தத்தைச் 'சலங்கை ஒலி' என்று எழுதியிருந்தார். ஒரு நாள், ஒரே ஒரு நாள், அவர் என் கூடத்தில் நின்றிருந்தால் அப்படி எழுதியிருப்பாரா? அந்தப் பக்கத்திலும் ஈரம் பட்டுக் காய்ந்த தடம். பொறுக்கவில்லை, புத்தகத்தோடு மேலே போய்விட்டேன்.

"பொய்யி எழுதி வச்சிருக்கான். இதுக்கும் அழுதிருக்கியே!"

அவள் திகைக்கவில்லை. நான் படிக்கிற செய்தி எதிர்த் தறி அம்மாள் மூலம் என்றோ மேலே வந்திருந்தது. "தறி பொய்யா இருந்துட்டுப் போவுது. அந்த ஆளு பயம் நெசம்லா."

"ஒன் புத்தகத்துல எல்லாவனும் பயந்தாங்கொள்ளி."

"ஆமா. அதான் பாவமா இருக்கு. நீங்கதான் ஒருநாளும் எதுக்கும் பயந்ததே இல்லையே. ஒங்களுக்கு என்னன்னு அழ?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் ஆஸ்பத்திரியில் கம்பி நுழைத்தபோதுகூட எனக்கு அப்படி வலிக்கவில்லை.

இரண்டு நாள் கழித்து, மத்தியானம், அவள் மோர் கொண்டுவந்து தறிக்கூட வாசலில் நின்றாள். எல்லாத் தறியும் ஓடிக்கொண்டிருந்தன. சத்தத்துக்குள் சொன்னால், சொன்ன மாதிரியும் இருக்கும், சொல்லாத மாதிரியும் இருக்கும். அவள் முகத்தைப் பார்த்தேன். சொல்லிவிட்டேன்.

"அன்னைக்கு ஆபீசர் எந்திரிக்கல."

அவள் கண் என் உதட்டில் நின்றது.

"தலைய நிமித்திக்கூடப் பாக்கல. ஃபாரத்தத் தள்ளுனாரு. எனக்கு ஒரு வரி வெளங்கல. காட்டுன எடத்துலல்லாம் கையெழுத்துப் போட்டேன். எதுல போட்டோம், வீடு போயிருமோன்னு பயந்துட்டேன். நேரா ஸ்டேஷனுக்குப் போனேன். தென்காசி ரயில் வந்துச்சு. அப்படியே ஏறி எங்கயாவது போயிரலாம்னு ஒரு கால படியில வச்சுட்டேன்."

அவள் டம்ளரைத் தறிக்கட்டையில் வைத்தாள். உதடு அசைந்தது.

"பொறவு?"

என் கதையில் அவள் அப்படிக் கேட்டது அதுதான் முதல் தடவை. "பொறவு என்ன, எறங்கிட்டேன். வீட்டுக்கு வந்து, ஆபீசர் எந்திரிச்சாருன்னு ஒன்கிட்ட சொன்னேன்."

அவள் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு சொட்டு வரவில்லை. திரும்பினால், எதிர்த் தறி அம்மாள் தறியை நிறுத்திவிட்டு மூக்கை உறிஞ்சிக்கொண்டிருக்கிறாள்!

அன்று சாயங்காலம் நூலகத்திலிருந்து வந்த புதுப் புத்தகம் கட்டிலில் குப்புறக் கிடந்தது. அவள் காய் நறுக்கிக்கொண்டே, நிமிராமல் கேட்டாள்: "எந்தக் கால படியில வச்சீய?"

"அதெல்லாம் யாருக்கு ஞாபகம் இருக்கு?"

"யோசிச்சுச் சொல்லுங்க."

யோசித்தேன். இடது கால். செருப்பு வார் அறுந்திருந்தது, அதையும் சொன்னேன். அவள் நறுக்குவதை நிறுத்திவிட்டாள்.

குடைக்காரனுக்கு வந்த கண்ணீர் எனக்கு இன்னும் வரவில்லை. நான் விடுவதாக இல்லை. அவன் கணக்கில் பயம் என்று பார்த்தால், வாடகை ஒன்றுதான். இந்த வீட்டில் அவளுக்கே தெரியாமல் நான் பயந்தது ஏழெட்டு இருக்கிறது. ஒவ்வொன்றும் அவனுடையதைவிடப் பெரியது.