பலெர்மோவில் ஓட்டுநரைப் புகழ்ந்து எழுதினேன்

செவ்வாய்க்கிழமை காலை எட்டரைக்குக் கார் வரும் என்று சீட்டில் இருந்தது. எட்டு இருபத்தெட்டுக்கே விடுதி வாசலில் வந்து நின்றது. எட்டு மணி நேரத்துக்கு இருநூற்று அறுபது யூரோ. நம் பணத்தில் இருபத்தையாயிரத்தைத் தொடும். எனக்கு அது கட்டுபடியாகிற தொகை இல்லை. ஆனால் தங்கை வசந்தாவுக்குப் போன வருடம்தான் முழங்கால் அறுவை சிகிச்சை ஆகியிருந்தது. இத்தாலியின் சிசிலித் தீவிலுள்ள பலெர்மோவின் கல் பாவிய தெருக்களில் அவளை நாள் முழுக்க நடக்கவைக்க எனக்கு மனம் வரவில்லை. தபால் துறையில் முப்பத்தாறு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். ஆயுளில் இரண்டு நாள் ராணி மாதிரி போகலாம் என்று செவ்வாய்க்கும் வியாழனுக்கும் பதிவு செய்தேன்.

சீட்டில் 'ஓட்டுநர்: மார்க்கோ' என்று அச்சாகியிருந்தது. இறங்கிக் கதவைத் திறந்தவருக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். கறுத்த, ஒல்லியான ஆள். வெள்ளைச் சட்டை, கழுத்துப் பட்டி. "குட் மார்னிங், ஐயாம் மார்க்கோ" என்றார். பிறகு முன் இருக்கையின் முதுகில் பொருத்தியிருந்த திரையைத் தட்டினார். ஒரு பெண் குரல் ஆங்கிலத்தில் பலெர்மோவின் வரலாற்றைச் சொல்ல ஆரம்பித்தது. அதோடு அவர் வாயை மூடிக்கொண்டார்.

"இவனா மார்க்கோ? மணப்பாறை பஸ்ல டிக்கெட் கிழிக்கிற ஆள் மாதிரில்ல இருக்கான்" என்றாள் வசந்தா.

அடுத்து நான் சொன்னதை மறைக்காமல் எழுதிவிடுகிறேன். "பங்களாதேஷ்காரனா இருக்கும். வெள்ளைக்காரங்களுக்காகப் பேரை மாத்தி வச்சிருப்பான். எதுக்கும் பையை மடியில வச்சுக்க" என்றேன்.

காலை ஒன்பது மணிக்கு மொன்ரியாலே. நகரத்திலிருந்து எட்டுக் கிலோமீட்டர், மலைமேல். அங்குள்ள தேவாலயத்தின் உட்சுவர் முழுக்கத் தங்க ஓடுகள். எங்கே நின்று பார்த்தாலும் கூரையிலிருந்து கிறிஸ்து நம்மையே பார்க்கிறார். ஒன்றரை மணி நேரம் கழுத்து வலிக்கப் பார்த்துவிட்டு வந்தோம். ஓட்டுநர் காருக்கு வெளியே வெயிலில் நின்றிருந்தார். தண்ணீர் போத்தல் இரண்டை நீட்டினார். அப்போதும் ஒரு வார்த்தை பேசவில்லை.

இறங்கும் வழியில் வசந்தா நெளிய ஆரம்பித்தாள். "அக்கா, அவசரமா பாத்ரூம் போகணும். இந்த ஆள்கிட்ட எப்படிக் கேக்கிறது? நீயே சொல்லேன்."

நான் ஆங்கிலத்தில் வாக்கியம் அமைத்துக்கொண்டிருக்கும்போதே முன்னாலிருந்து குரல் வந்தது.

"ரெண்டு நிமிஷம் பொறுங்கோ அக்கா. முன்னுக்கு ஒரு கஃபே இருக்கு. துப்புரவான இடம்."

அந்தக் காரிலிருந்து குதித்துவிடலாமா என்றிருந்தது எனக்கு. காலையிலிருந்து நாங்கள் பேசியதை எல்லாம் மனதில் ஒரு முறை ஓட்டிப் பார்த்தேன். டிக்கெட், பங்களாதேஷ், பை. ஒன்றையும் விடாமல் கேட்டிருக்கிறார்.

கஃபேயில் வசந்தா உள்ளே போனதும் நான் அவரிடம் போனேன். "தம்பி, மன்னிச்சிடுங்க. நீங்க முதல்லயே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"கதைக்கக் கூடாதெண்டு சொல்லி இருக்கினம் அக்கா. சனம் சிசிலி பாக்க வருகுது, சிசிலிக்காரன் ஓட்டுறமாதிரி இருக்கோணுமாம். பேரும் அவையள் தந்ததுதான். ஒபிசுக்குச் சொல்லிப் போடாதேங்கோ."

சொல்ல மாட்டேன் என்றேன். அவர் தன் பெயரைச் சொன்னார். இங்கே அவரை யோகன் என்று எழுதுகிறேன். முல்லைத்தீவுப் பக்கம். சண்டை முடிந்து மூன்றாம் வருடம் வந்தவர். முதலில் வீடுகள் துடைத்திருக்கிறார். ஏழு வருடமாகக் கார். மனைவி ஒரு சிஞ்ஞோராவின் வீட்டில் வேலை பார்க்கிறார். முதலாளியம்மா என்பதற்கு இங்கே எல்லாரும் சொல்கிற சொல் அது.

அதன் பிறகுதான் எங்கள் பலெர்மோ தொடங்கியது. யோகன் திரையை அணைத்துவிட்டார். பதினொன்றே முக்காலுக்குப் பெரிய தேவாலயத்துக்கு அருகில் காரை நிறுத்திவிட்டு எங்களோடு நடந்து வந்தார். தெற்கு வாசலில் ஒரு தூண். அதில் அரபு எழுத்துகள்.

"இது குர்ஆன் வசனம் அக்கா. முந்தி இஞ்சை பள்ளிவாசல் இருந்தது. பிறகு தேவாலயம் கட்டினவை இந்தக் கல்லை உடைச்சு எறியேல்லை. வாசலிலயே வச்சிருக்கினம்." கையை எழுத்துகளுக்குச் சற்று மேலே, தொடாமல் வைத்துக்கொண்டு சொன்னார்.

"இதெல்லாம் எங்க படிச்சீங்க?"

"படிக்கேல்லை. கைட்மார் சனத்துக்குச் சொல்லேக்க பின்னால நிண்டு கேட்டனான். ஏழு வருஷம் ஒரே கதையைக் கேட்டால் யாருக்கும் பாடம் வரும்."

வியா மக்வேதா என்ற பெரிய தெருவில் கார் விடமாட்டார்கள். வசந்தா என் தோளைப் பிடித்துக்கொண்டு நொண்டி நொண்டி வந்தாள். ஒரு பக்கத் தெருவுக்குள் திரும்பி, பெயர்ப் பலகையைக் காட்டினார் யோகன். தெருப் பெயர் மூன்று மொழிகளின் எழுத்தில் இருந்தது. இத்தாலியன், எபிரேயம், அரபு. ஒரு காலத்தில் இங்கே யூதர்கள் வாழ்ந்த நினைவுக்காகவாம். துரத்தப்பட்டுப் பல நூறு வருடம் ஆன மனிதர்களின் எழுத்தைச் சுவரில் பதித்து, சுற்றுலாப் பயணிகளுக்குப் பெருமையோடு காட்டுகிற ஊர். அதே ஊரில், உயிரோடு வரி கட்டிக்கொண்டிருக்கிற ஒரு மனிதன் தன் மொழியைப் பேச என்னிடம் ரகசியம் காக்கச் சொல்கிறான். அந்தப் பலகையின் கீழ் நின்றபோது எனக்கு வந்த கோபம் இன்னும் தணியவில்லை.

பிற்பகல் ஒன்றே காலுக்கு ஸ்ஃபெர்ராகவால்லோ. பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி, படகுகள் கரையேறிக் கிடக்கும் சின்ன மீனவர் குடியிருப்பு. சிப்பி போட்ட ஸ்பகெட்டி பதினான்கு யூரோ. யோகன் காரிலேயே இருப்பதாகச் சொன்னார். வாடிக்கையாளரோடு சாப்பிடக் கூடாதாம். "நீங்க வரலைன்னா நாங்களும் சாப்பிடல" என்று வசந்தா சட்டமாகச் சொல்லிவிட்டாள். வந்தார். சாலைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். அலுவலகத்தின் வேறு கார் ஏதாவது போனால் முகம் தெரியக் கூடாது என்பதற்காக. ஒவ்வொரு முறை பிரேக் சத்தம் கேட்டபோதும் அவர் தோள் குறுகியது.

மாலை விடுதியில் இறக்கிவிட்டபோது, "வியாழக்கிழமையும் நான்தான் வருவன். செஃபலூவுக்கு வெள்ளண வெளிக்கிடுவம்" என்றார். கடலோர ஊரான செஃபலூவுக்குக் காலையிலேயே கிளம்பலாம் என்கிறார். வசந்தாவின் காலுக்கு ஏதாவது என்றால் கூப்பிடச் சொல்லித் தன் எண்ணையும் கொடுத்தார்.

அன்று மாலை ஏழு மணிக்குக் கார் நிறுவனத்தின் அலுவலகத்திலிருந்து கைப்பேசிக்குச் செய்தி வந்தது. உங்கள் பயணம் எப்படி இருந்தது, எழுதுங்கள். ஐந்து நட்சத்திரம் போட்டேன். அவர் கதைக்கக் கூடாது என்ற ரகசியத்தை நான் மறக்கவில்லை. ஆனால் நல்லபடியாக எழுதினால் முதலாளிகளுக்கே அவர் அருமை புரியும், மனம் மாறுவார்கள் என்று நினைத்தேன். எங்கள் தாய்மொழியிலேயே பேசினார், தேவாலயத்தையும் பழைய தெருக்களையும் எந்த வழிகாட்டியையும்விட நன்றாக விளக்கினார், இவர் உங்கள் நிறுவனத்தின் பொக்கிஷம் என்று ஆங்கிலத்தில் எழுதினேன். நல்ல காரியம் செய்த திருப்தியோடு தூங்கினேன். அந்தத் தூக்கத்தை நினைத்தால் இப்போது என்மேலேயே ஆத்திரம் வருகிறது.

வியாழக்கிழமை காலை ஏழரைக்கு அதே கார் வந்தது. இறங்கியவர் வேறு ஆள். நரைத்த மீசை வைத்த இத்தாலியர். மார்க்கோ எங்கே என்றேன். தோளைக் குலுக்கினார். எழுபது கிலோமீட்டர் போய்ச் செஃபலூவின் கடலையும் பாறையையும் பார்த்தோம். எதுவும் மனதில் ஒட்டவில்லை.

மூன்று மணிக்குத் திரும்பியதும் யோகனைக் கூப்பிட்டேன். "காய்ச்சல் அக்கா, வேற ஒண்டும் இல்லை" என்றார். குரலில் காய்ச்சல் இல்லை. யாரோ போனைப் பிடுங்கும் சத்தம். ஒரு பெண் பேசினார். "அக்கா, நான் அவரின்ர மனுசி. ஏலுமெண்டால் வீட்டுக்கு வாங்கோ. நேர்ல கதைப்பம்."

வசந்தாவை அறையில் விட்டுவிட்டு, அவர் சொன்ன முகவரிக்குப் பேருந்தில் போனேன். அந்தப் பகுதியின் பெயர் பிரான்காச்சோ, நகரத்தின் கிழக்கு ஓரம். பட்டறைகள், அவற்றின் பின்னால் வண்ணம் உரிந்த அடுக்குமாடிகள். நாங்கள் பார்த்த தங்க ஓடுகளுக்கும் இந்த இடத்துக்கும் ஒரு பேருந்துச் சீட்டுதான் தூரம். நான்காம் மாடி, மின்தூக்கி இல்லை. கதவைத் திறந்தது மனைவி. தேநீர் கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தார். யோகன் சன்னலோரம் நின்றார்.

"நீங்கள் நல்லதுக்குத்தான் எழுதினீங்கள், அது விளங்குது" என்றார் மனைவி. "ஆனா அதை வாசிச்சுப்போட்டு புதன் காலமை இவரை வரவேண்டாம் எண்டு சொல்லிப்போட்டினம். வாற மாதம் குவெஸ்தூராவில பெர்மெசோ புதுப்பிக்கோணும். வேலை ஒப்பந்தம் இல்லாமல் என்னத்தைக் கொண்டுபோய்க் காட்டுறது?"

குவெஸ்தூரா என்றால் காவல் தலைமையகம். பெர்மெசோ, இந்த நாட்டில் இருப்பதற்கான அனுமதி அட்டை.

"விடு. அக்காவுக்குத் தெரியாதுதானே" என்றார் யோகன்.

"தெரியாமல் செய்தாலும் எங்களுக்குத்தானே பாடு!" என்றார் மனைவி. அவர் குரலை உயர்த்தியது அந்த ஒரு முறைதான். நான் வெந்துபோனேன். அந்தக் கோபம் நியாயமானது. முழுக்க என் மேல் வந்திருக்க வேண்டியது. வீட்டுக்கு வந்தவள் என்பதால் பாதியை விழுங்கிக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு அந்த அலுவலகத்தில் இருந்தேன். வியா மக்வேதாவிலிருந்து இரண்டு தெரு தள்ளி, கண்ணாடிக் கதவு, உள்ளே எலுமிச்சை வாசனை. முப்பத்தைந்து வயதுப் பெண் ஒருத்தி மிக மரியாதையாக நாற்காலி போட்டாள். நான் எழுதியதை அச்செடுத்து வைத்திருந்தாள். ஒரு வரியின் மேல் மஞ்சள் கோடு.

"ஓட்டுநர் வழிகாட்டி அல்ல, மேடம். விளக்கம் சொல்ல உரிமம் வேண்டும். நீங்கள் எழுதியதைக் காட்டி யாராவது புகார் கொடுத்தால் அபராதம் எங்களுக்கு."

இது எனக்குத் தெரியாது. ஆனாலும் கேட்டேன். "சரி, அது சட்டம். மார்க்கோ என்ற பெயர் எந்தச் சட்டம்?"

"விருந்தினர்களுக்கு உச்சரிக்க எளிது."

"தன் மொழியில் பேசக் கூடாது என்பது?"

அவள் பேனாவைக் கீழே வைத்தாள். "அப்படி ஒரு விதி இருப்பதாக உங்களிடம் யார் சொன்னது? அவரா?"

ஆம் என்று சொன்னால் யோகன் இன்னொரு குற்றத்துக்கு ஆளாவார். கத்துவதற்கு என்னிடம் எல்லா நியாயமும் இருந்தது. ஆனால் நான் கத்தினால் அதன் பலன் அவர் தலையில்தான் விடியும். நான் நாளைக்கு விமானம் ஏறிவிடுவேன்.

"இல்லை. யாரும் சொல்லவில்லை. நானாக நினைத்தேன்" என்றேன்.

"அப்படியானால் நல்லது."

"நான் எழுதியதை மாற்றினால்?"

அவள் யோசித்தாள். கொடூரமான பெண் என்று சொல்ல முடியாது. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். "அது உதவும்" என்றாள்.

அங்கேயே நின்றுகொண்டு கைப்பேசியில் எழுதினேன். கார் சுத்தம். மார்க்கோ பாதுகாப்பாக ஓட்டினார். திரையில் கேட்ட விளக்கம் பயனுள்ளதாக இருந்தது. மூன்று வாக்கியத்தில் முதல் ஒன்று மட்டும்தான் முழு உண்மை. அவள் எட்டிப் படித்துப் பார்த்துத் தலையசைத்தாள். முப்பத்தாறு வருடம் அடுத்தவர் எழுதியதைச் சேதமில்லாமல் கொண்டுபோய்ச் சேர்த்தவள் நான். என் கையால் எழுதிய பொய்யை நானே ஒப்படைத்துவிட்டு வெளியே வந்தேன்.

மாலையில் யோகன் கூப்பிட்டார். "திங்கக்கிழமை வரச் சொல்லி இருக்கினம். பெரிய உபகாரம் அக்கா."

"உபகாரம்னு சொல்லாதீங்க தம்பி. உங்க வாயை அடைச்சவங்களோட சேர்ந்து நானும் ஒரு கை வச்சுட்டேன்."

"அப்பிடி இல்லை. வேலை இருந்தால்தானே வாய் இருக்கும்" என்றார். பின்னால் மனைவியின் குரல் ஏதோ சொன்னது. "அடுத்தமுறை வந்தால் வீட்டில சாப்பிடோணுமாம். அங்கை யாரும் பாக்கமாட்டினம்" என்று சிரித்தார்.

சனிக்கிழமை காலை விமான நிலையத்துக்குப் பேருந்தில் போனோம். முப்பது கிலோமீட்டருக்கு மேல், ஒரு பக்கம் மலை, மறுபக்கம் கடல். காரே வேண்டாம் என்று வசந்தாதான் சொன்னாள். வரிசையில் நிற்கும்போது கைப்பேசி ஒலித்தது. நான் எழுதியதற்கு அலுவலகத்தின் பதில். உங்கள் அன்பான சொற்களுக்கு நன்றி, மார்க்கோ மிகவும் மகிழ்ந்தார் என்று இருந்தது.

வசந்தா வாங்கிப் படித்தாள். "நல்லாக் காறித் துப்புற மாதிரி ஒரு பதில் போடு, அக்கா. தமிழ்லயே போடு."

போட்டேன். நான்கு வரி. அனுப்பும் முன் நினைவு வந்தது. இப்போதெல்லாம் ஒரு பொத்தானைத் தட்டினால் எந்தத் தமிழும் இத்தாலியனாகிவிடும். ஒவ்வொரு எழுத்தாக அழித்தேன்.

அதனால்தான் இதை அங்கே எழுதாமல் இங்கே எழுதுகிறேன். பெயரோடு, அவரை அடையாளம் காட்டக்கூடிய இன்னும் இரண்டு விவரங்களையும் மாற்றியிருக்கிறேன். பலெர்மோ பார்க்க வேண்டிய ஊர். ஏப்ரலில் போங்கள், வெயில் தாங்கும். ஓட்டுநர் வாய் திறந்தால் காது கொடுத்துக் கேளுங்கள், திரையில் வராதது எல்லாம் அவரிடம் இருக்கிறது. மாலையில் எப்படி இருந்தது என்று செய்தி வரும். கார் சுத்தமாக இருந்தது என்று மட்டும் எழுதுங்கள்.