என் புத்தகத்தில் அவள் சாகவில்லை

அறுபதுகளின் நடுவில் கடலூர் முதுநகரில் ஒரு படிப்பகத்தில் இருந்தேன். கூட்டிப் பெருக்கி, பத்திரிகைகளை விரித்து வைப்பது வேலை. அதற்குப் பெஞ்சியில் படுக்க இடமும், படிப்பகச் செயலாளர் வீட்டுச் சோறும். அதற்கு முன் துறைமுகத்தில் மூட்டை தூக்கினேன். முதுகு பிடித்துக்கொண்டதும் அது போயிற்று. மழைக்காலம் தொடங்கியிருந்தது. இந்த இடமும் போனால் ரயில் நிலையத்தில்தான் படுக்க வேண்டும்.

ஏழாவதோடு நின்றவன் நான். ஆனால் கையில் கிடைத்ததைப் படிப்பேன். படிப்பகத்தில் ஒரு பழைய நாவல் இருந்தது. தொடர்கதையாக வந்தபோது யாரோ வாராவாரம் பத்திரிகையிலிருந்து கிழித்துச் சேர்த்து பைண்டு செய்தது. கணவனிடம் அடிபட்ட ஒருத்தி பெட்டியோடு ரயிலேறுகிறாள், அதோடு முடிகிறது. வருகிறவர்களிடமெல்லாம் அந்தக் கதையைச் சொல்வேன்.

அந்த நாவலுக்குச் சிதம்பரத்தில் பட்டிமன்றம் வைத்தார்கள். இத்தனை காலம் கழித்தும் அது நிலைத்திருப்பது நாயகியின் துணிவாலா, ஆசிரியரின் நடையாலா என்பது தலைப்பு. துணிவு அணியில் பேச வேண்டிய எங்கள் ஆளுக்குக் காய்ச்சல். செயலாளர் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"நீதான் அந்தக் கதைய தண்ணி பட்ட பாடா சொல்றியே மாப்ள. கெளம்பு. படிப்பகத்து மானம் உன் கையிலதான் இருக்குது."

மேடையில் கடைசி நாற்காலி எனக்கு. எங்கள் அணியின் முதல் பேச்சாளர் அண்ணாமலை நகர் மாணவர். அவர் குரல் தழுதழுக்கச் சொன்னார்: "ரயிலேறியவள் அடுத்த நிலையத்திலேயே இறங்கித் திரும்பி வந்து, கணவனின் காலடியில் உயிர்விட்டாளே, அதுவல்லவா துணிவு!"

கூட்டம் தலையாட்டியது. அவள் திரும்பவில்லை என்பதை வைத்துத்தான் என் பேச்சு முழுவதும். கடைசி வாரத்தைச் சேர்க்காமலே தைத்துவிட்டார்கள் என்று அப்போதுதான் புரிந்தது. முன்வரிசையில் செயலாளர் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். மேடையின் பின்பக்கம் இறங்கி ஓடிவிடலாமா என்று பார்த்தேன். தட்டி கட்டி மறைத்திருந்தார்கள்.

நடுவர் மணி அடித்து அழைத்தார். எழுந்து நின்றேன். பொய் எதுவும் அகப்படவில்லை.

"எங்க படிப்பகத்துப் புத்தகத்துல அவ சாகல," என்றேன். "ரயிலேறுறதோட பக்கம் முடிஞ்சிபோச்சி. மிச்சம் இருக்குதுன்னே இப்பதான் தெரியும்."

"அப்புறம் இன்னா தைரியத்துலய்யா மேடை ஏறுன?" என்று ஒருவர் கத்தினார். பந்தல் முழுக்கச் சிரிப்பு. செயலாளர் தலையைக் குனிந்துகொண்டார்.

பெண்கள் பக்கம் ஓர் அம்மாள் எழுந்தார். "சிரிக்காதீங்க. எங்க வூட்டு புக்குலயும் அந்த வாரம் இல்ல. அவ பட்டணத்துல டீச்சரா இருக்கான்னுதான் இத்தினி வருஷமா நெனச்சிக்கினு இருக்கேன். இப்ப வந்து சாவடிக்கிறீங்க!"

மறுபடி சிரிப்பு; இந்த முறை என்மேல் இல்லை. அதன்பின் ஏதோ பேசினேன். நடுவர் ஆசிரியரின் நடைக்கே தீர்ப்புச் சொன்னார்; எங்கள் அணி தோற்றது.

கூட்டம் கலைந்ததும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தேன். செயலாளர் பின்னாலேயே வந்தார்.

"எங்க போற?"

"இங்கியே ஸ்டேஷன்ல படுத்துக்கறேன் மாமா."

"காலையில படிப்பகத்த யாரு தொறக்கறது, உங்கப்பனா? பஸ்ஸுல ஏறுய்யா."

ஏறினேன். முதுநகருக்கு இரண்டு டிக்கெட் என்று அவர் காசை நீட்டினார்.