கோழி அடைகிடந்த ஜீப்

எங்கள் ஜீப்பை எப்படி மாற்றுவது என்று வீட்டில் ஒரு மாதம் பேச்சு நடந்தது. அப்பாவும் மாமாவும் ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அம்மா ஒரே ஒரு கேள்விதான் கேட்பார்.

"பாக்க எப்பிடி இரிக்கும்?"

அப்பாவும் மாமாவும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொள்வார்கள். ஒன்பது வயதில் நானும் அவர்களோடு சேர்ந்து சிரித்தேன். சேற்றில் ஓடப்போகும் வண்டிக்கு அழகு எதற்கு என்பது என் நினைப்பு.

அது சண்டைக் காலம். நாங்கள் கடல்போல் அகன்ற வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் இருந்தோம். ஆஸ்பத்திரி கிழக்கே களுவாஞ்சிக்குடியில் இருந்தது. துறையில் தோணி ஏறினால் அக்கரை சேரலாம். ஆனால் துறைக்குப் போக வயல் வட்டைகளுக்கு நடுவே நாலு மைல் மண்பாதை. மாரி பிறந்தால் அது களிமண்ணும் தண்ணீருமாகிவிடும். முந்தின மாரியில் அம்மாவின் தங்கை, என் சின்னம்மா, பிள்ளை பெறப் போன மாட்டுவண்டி அந்தப் பாதையில் புதைந்தது. சின்னம்மா பிழைத்தார், பிள்ளை பிழைக்கவில்லை. இந்த மாரிக்கும் அவருக்கு நிறைமாதம். அதனால்தான் அம்மாவின் சீதனத்தோடு வந்து, சில வருடங்களாகக் கொட்டிலில் சும்மா கிடந்த ஜீப்பை வெளியே இழுத்தார்கள்.

மாமா அம்மாவின் தம்பி, டிராக்டர் ஓட்டுகிறவர். வண்டியை உயர்த்த வேண்டும் என்பது அவர் கட்சி. ஸ்பிரிங்குக்கும் அச்சுக்கும் நடுவில் முதிரைக் கட்டை கொடுத்து அரை முழம் தூக்கிவிட்டால் தண்ணீர் தொடாது என்றார். அப்பாவுக்கு அதில் நம்பிக்கையில்லை.

"உயத்தினாக் கவிழும் மச்சான்."

"ஓட்டுறது நான். எப்பிடிக் கவிழும்?"

இரண்டு நாள் இதே பேச்சு. எனக்கோ உண்மையில் எது நடக்கும் என்று அறியாமல் இருப்புக் கொள்ளவில்லை. பால்மா டின் இரண்டை எடுத்து, பழைய செருப்பை வட்டமாக வெட்டிச் சில்லுகள் போட்டு, ஒன்றைத் தாழ்வாகவும் மற்றதை உயரமாகவும் செய்தேன். உள்ளே மண் நிரப்பி, நூல் கட்டி, வீட்டுக்குப் பின்னால் ஈர வரம்பில் சரிவாக இழுத்துப் பார்த்தேன். உயரமானது பத்துத் தரத்தில் ஏழு தரம் குடை சாய்ந்தது. மாமாவைக் கையைப் பிடித்து இழுத்துவந்து காட்டினேன். அவர் நம்பாமல், சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு சேற்றில் குந்தியிருந்து தானே இழுத்துப் பார்த்தார். அவருக்கும் சாய்ந்தது.

"சரி, என்ட மருமகள் சொன்னாச் சரிதான்" என்று எழுந்தார்.

அன்றிலிருந்து ஜீப்புக்குப் பக்கத்தில் நின்று கேள்வி கேட்கும் உரிமை எனக்குக் கிடைத்தது. நான் அதை வஞ்சகமில்லாமல் பயன்படுத்தினேன். தண்ணீரில் இறங்குமுன் விசிறியின் பட்டியை ஏன் கழற்ற வேண்டும்? கழற்றாவிட்டால் விசிறி தண்ணீரை வாரி இன்ஜின் மேல் இறைக்கும், வண்டி நின்றுவிடும். டயரில் ஏன் கயிறு சுற்ற வேண்டும்? களி டயரின் பள்ளங்களை அடைத்துவிடும், கயிறுதான் நிலத்தைப் பிடிக்கும். முன்சில்லும் பின்சில்லும் சேர்ந்து இழுக்கும்போது எது முதலில் இழுக்கும்? இதற்கு மட்டும் மாமா எண்ணெய்த் துணியை எடுத்துவரச் சொன்னார்.

கடைசியில் ஜீப் உயரவில்லை. பள்ளம் ஆழமான நல்ல டயர்கள் நாலு வந்தன. புகைக்குழாயோடு பழைய குழாய்க்கிணற்றுக் குழாயைப் பொருத்திக் கூரைக்கு மேலே தூக்கிவிட்டார்கள். பெட்ரோல் கிடைக்காததால், துளி பெட்ரோலில் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓடப் பழக்கினார்கள். ஐப்பசியில் ஒரு பின்னேரம் வாய்க்காலில் இறக்கிப் பார்த்தோம். முன்இருக்கையில் நான். தண்ணீர் கதவு வரை வந்தது. இன்ஜின் இருமியது, ஆனால் நிற்கவில்லை. எதிர்க்கரையில் மூக்கை நிமிர்த்தி ஏறியபோது ஊரே கைதட்டியது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அம்மா மட்டும் கரையில் கைகட்டி நின்றார். வீட்டுக்கு வந்ததும் அப்பாவிடம் சொன்னார்:

"ஊரே பாத்திட்டு. இனி எத்தின நாளைக்கு இது நம்மட வாசல்ல நிக்கும்?"

அப்பாவும் மாமாவும் அன்று சிரிக்கவில்லை.

மறுநாள் காலை என்னைச் சின்னம்மா வீட்டுக்கு அனுப்பினார்கள். திரும்பி வந்தபோது ஜீப் நாலு கல்லின் மேல் நின்றது. டயர் இல்லை, கயிறு இல்லை, குழாய் இல்லை. முன்விளக்கு இருந்த இடத்தில் இரண்டு ஓட்டைகள். பின்இருக்கையில் வைக்கோல் பரப்பி, பன்னிரண்டு முட்டையோடு எங்கள் சிவப்புக் கோழியை அடைவைத்திருந்தார் அம்மா. மேலெல்லாம் கோழி எச்சம், சாணம். எங்கே டயர் என்று கத்தினேன்.

"வித்தாச்சு. மண்ணெண்ணெய்க்கு எங்க போறது?" என்றார் அம்மா.

நான் அழுத அழுகை அக்கரைக்குக் கேட்டிருக்கும். சின்னம்மா எப்படிப் போவார் என்று கேட்டேன். அம்மா கோழிக்குத் தண்ணீர் வைக்கப் போனார். அம்மாவோடு பேசுவதில்லை என்று சபதம் எடுத்து, இரண்டு நாள் அதைக் காப்பாற்றினேன். அப்பாவும் மாமாவும் என் முகத்தைப் பார்க்காமல் நழுவினார்கள்.

மூன்றாம் நாள் துவக்குகளைத் தோளில் மாட்டிக்கொண்டு நாலு பேர் வந்தார்கள். எந்தப் பக்கத்தார் என்பது முக்கியமில்லை. நல்ல வாகனம் என்றால் அந்தக் காலத்தில் எல்லாப் பக்கத்தாருக்கும் ஒரே பிரியம். அப்பாவும் மாமாவும் வயலில் இருந்தார்கள்.

"தண்ணிக்குள்ள ஓடுற ஜீப் இஞ்சதானே?" என்று கேட்டான் ஒருவன்.

அம்மா கொட்டிலைக் காட்டினார். அவன் உள்ளே தலையை நீட்டினான். சிவப்புக் கோழி சிலிர்த்துக்கொண்டு அவன் கையைக் கொத்தியது. மற்றவர்கள் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை, என் பக்கம் திரும்பினான்.

"தங்கச்சி, நீ சொல்லு. டயரெல்லாம் எங்க?"

அம்மா பின்னால் வந்து என் தோளில் கை வைத்தார். எனக்கு அடக்கிவைத்திருந்ததெல்லாம் பொத்துக்கொண்டு வந்தது.

"வித்துப்போட்டாங்க" என்று அழுதேன். "நான் வேணாம் வேணாமெண்டு சொன்னன். ஆரும் கேக்கல்ல. எல்லாத்தையும் கழட்டிக் கெடுத்துப்போட்டாங்க. அம்மாதான். அம்மாதான் எல்லாம்."

மூக்கு ஒழுக ஒழுகச் சொல்லிக்கொண்டே போனேன். அவனுக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. என் தலையில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, "வாங்கடா" என்று மற்றவர்களைக் கூட்டிக்கொண்டு போனான். அம்மாவை மாட்டிவிட்டேன் என்று எனக்கு ஒரே திருப்தி. அவர் வாசற்படியில் உட்கார்ந்தவர் அடுப்பில் சோறு அடிப்பிடிக்கும் வரை எழும்பவில்லை. செய்ததை நினைத்து வருந்துகிறார் என்று விட்டுவிட்டேன்.

கார்த்திகையில் வானம் பொத்துக்கொண்டு ஊற்றிய ஒரு மத்தியானம் சின்னம்மாவுக்கு வலி கண்டது. மாமா ஓடிவந்து வைக்கோல் போரைப் பிரித்தார். உள்ளே நாலு டயர்களும் பத்திரமாக இருந்தன. குழாய் வீட்டுக் கூரைக்குள்ளிருந்து வந்தது, விளக்குகள் நெல் மூட்டைக்குள்ளிருந்து வந்தன. நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். எல்லாவற்றையும் பூட்டி மாமா ஜீப்பைக் கிளப்ப, அப்பா கம்போடு முன்னால் நடந்து ஆழம் பார்த்தார். எங்கள் கோழி அதற்கு முன்பே குஞ்சு பொரித்து இறங்கியிருந்தது. அந்த இருக்கையில் சின்னம்மா படுத்துக்கொண்டு போனார். அன்று இரவு அக்கரையில் பிறந்தவன் இன்று லொறி ஓட்டுகிறான். அவனுக்கு வண்டிப் பைத்தியம்.

அன்று ஜீப் கண்ணுக்கு மறைந்ததும் நான் அம்மாவிடம் சண்டைக்குப் போனேன். வித்தாச்சு என்று எனக்கும் ஏன் பொய் சொன்னீர்கள், நான் யாரிடமாவது சொல்லிவிடுவேனா என்று கேட்டேன். அம்மா என்னை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார். நம்பவில்லையே என்ற மனத்தாங்கல் எனக்கு வெகுநாள் இருந்தது. என் மகளுக்கு ஒன்பது வயதானபோதுதான் யோசித்துப் பார்த்தேன். கோழி, சாணம், ஓட்டை விளக்கு எல்லாவற்றோடும், பார்க்கிறவர்களுக்காக அம்மா ஆயத்தம் செய்து வைத்ததில் என் அழுகையும் ஒன்று. துவக்குக்கு முன்னால் என்னை நிறுத்தி, நான் என்ன சொல்வேனோ என்று காத்துக்கொண்டு அவர் பின்னால் நின்றிருக்கிறார்.

தோளில் இருந்த அந்தக் கை நடுங்கியது எனக்குத் தெரிந்தது. என் மேல் உள்ள கோபத்தில் நடுங்குகிறது என்று நினைத்து, அதை உதறிவிட்டேன்.