கண்ணாடியருகே வந்த கற்பூரத் தட்டு

புனலூரில் கடை வைத்திருந்த என் தம்பி, தென்காசிக்கு வந்து திரும்பும்போதெல்லாம் ஒரு சமையல் எண்ணெய்க் கேன் நிறையப் பெட்ரோலைக் காரின் பின்பக்கம் வைத்துக்கொள்வான். மாநில எல்லைக்கு அப்பால் விலை கூடுதல். ஒரு சாரல் காலத்தில் அவன், அவன் மனைவி, பிள்ளையோடு நானும் உடன் சென்றேன்.

"ஏலே, பிள்ளை இருக்க வண்டியில இது எதுக்கு?"

"எல்லாருந்தான் கொண்டுட்டுப் போறாவ. நீ படிச்சுப் படிச்சே பயந்து சாவுதக்கா," என்று சிரித்தான்.

கார் வெயிலில் நின்றிருந்தது. குற்றாலம் தாண்டியதும் சாரல் பிடித்துக்கொள்ள, கண்ணாடிகளை ஏற்றிவிட்டோம். பின்னால் கேன் உப்பி, யாரோ விரல் மடக்கித் தட்டியதுபோல் ஒலித்தது. முதலில் உறைத்த நெடி சற்று நேரத்தில் இல்லாமலாயிற்று. நெடி போகவில்லை, மூக்குதான் பழகிவிட்டது என்பது அப்போது தோன்றவில்லை. காரில் ஏறினாலே அழுகிற ஒரு வயதுப் பிள்ளை, தாய் மடியில் உறங்கினான்.

"இன்னைக்கு என்ன சமத்து, பாத்தியளா மதினி," என்றாள் தம்பி மனைவி. அவள் குரல் அடுத்த அறையிலிருந்து வருவதுபோல் கேட்டது.

மலை ஏறுமுன் வண்டிகள் நிற்கும் மாடசாமி கோயிலில் தம்பியும் நிறுத்தினான். மூடுபனிக்குள் ஆள் தெரியாமல் சுடர் மட்டும் நடந்து வந்தது. அவன் வழக்கம்போல் கண்ணாடியை இறக்கினான். பூசாரி கற்பூரத் தட்டை உள்ளே நீட்டக் குனிந்தார். காற்றே இல்லை, ஆனாலும் சுடர் எங்களை நோக்கிச் சாய்ந்ததாகவே இன்றும் நினைக்கிறேன்.

"கிட்ட வராதிய! உள்ள பெட்ரோல் இருக்கு!" என்று கத்தினேன்.

பூசாரி தட்டோடு பின்னால் ஓடினார். "என்னவே, சாமிகிட்டயே வெளையாட்டா?" என்ற அவர் குரல் பனிக்குள்ளிருந்து வந்தது.

கதவுகளைத் திறந்து இறங்கினோம். பிள்ளையின் தலை தாயின் தோளில் நிற்காமல் சரிந்தது. அவள் அவன் உள்ளங்காலைத் தட்டினாள், தேய்த்தாள். சாரல் அவன் முகத்தில் விழுந்து வழிந்தது, இமை அசையவில்லை.

"அக்கா, மூச்சு இருக்கா?" தம்பி அருகே வரவில்லை.

என் கன்னத்தைப் பிள்ளையின் மூக்கருகே வைத்தேன். மூச்சு இருந்தது. அதிலும் பெட்ரோல் வாடை.

எவ்வளவு நேரம் அப்படி நின்றோமோ தெரியாது. பிள்ளை நெளிந்தான், வாந்தி எடுத்தான், பின் மலையே கேட்கும்படி வீறிட்டான். தாய் அவனைத் தேற்ற முயன்றாள்.

"வேண்டாம்ட்டி, அழட்டும்," என்றான் தம்பி, ஈரத் தரையில் உட்கார்ந்தபடி. "நல்லா அழட்டும்."