எர்த் இல்லாத வீடு

அண்ணன் மரக்காணம் உப்பளத்தில் மோட்டார் ஓட்டிக்கொண்டிருந்தவர். 2005 தொடக்கத்தில், நாற்பத்திரண்டு வயதில், பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் போய்விட்டது. குழந்தைகள் இல்லை. அண்ணி விடியற்காலையில் உப்பு வாரப் போய் பத்து மணிக்குத் திரும்புவார். நான் பஜாரில் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை பார்த்தேன். மூன்று பேரும் ஒரே வீடு.

கைகால் நன்றாக இருந்தபோது அண்ணன் ஆசையாக ஒரு ஆம்ப்ளிஃபயர் செய்யச்சொல்லி வாங்கியிருந்தார். இரும்புத் தகட்டுப் பெட்டி, இரண்டு ஸ்பீக்கர், ஒரு பழைய டேப் டெக். படுத்த பிறகு அவருக்கு மிஞ்சியது அதுதான். பாட்டு ஓடும்போது முகம் இளகும். ஆனால் சாயங்காலமானால் உப்பள மோட்டார்கள் எல்லாம் ஒரே நேரத்தில் இழுக்கும், எங்கள் வீட்டில் டியூப்லைட் கண்சிமிட்டும், பாட்டு கரகரக்கும். அதைவிட மோசம், பாட்டுக்கு அடியில் எப்போதும் கேட்கும் 'ம்ம்ம்' என்ற இரைச்சல். அது கூடினால் அண்ணன் இடது கையால் கட்டிலை அடிப்பார்.

புதுச்சேரியில் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் பழைய ஸ்டெபிலைசர் ஒன்று வாங்கி வந்தேன். கரகரப்பு நின்றது. இரைச்சல் நிற்கவில்லை. அண்ணிக்கு வேறு குறை.

"தம்பி, அந்தப் பொட்டியத் தொடச்சா கை சுருசுருங்குது. எனக்கு பயமா இருக்குது."

பஜாரில் ரேடியோ மெக்கானிக்கிடம் போய்ச் சொன்னேன். அவர் தலையைத் தூக்காமலே கேட்டார்.

"வீட்டுல எர்த் இருக்குதா?"

"பிளக்குல மூணு ஓட்டை இருக்குது."

"ஓட்டை இருந்தா போதுமா? அதுக்குப் பின்னாடி மண்ணுக்குப் போற வயர் இருக்கணும். குழி தோண்டி, கரி கொட்டி, செம்புத் தகடு போடு. இரும்பு பைப் வேணாம், நம்ம ஊரு மண்ணு ரெண்டு வருஷத்துல தின்னுடும். சுருசுருப்பும் போயிடும், இரைச்சலும் போயிடும்."

செம்புத் தகட்டின் விலையைக் கேட்டதும் என் முகம் மாறியிருக்க வேண்டும். அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"செல பேரு நியூட்ரல்லேர்ந்தே, அதான் கரண்ட் திரும்பிப் போற வயர்லேர்ந்தே, எர்த்துக்கு ஒரு துண்டு வயர் குடுத்துடுவான். நீ அத பண்ணிடாத, இன்னா?"

அன்று சாயங்காலமே அதைத்தான் செய்தேன். மெயினை அணைத்துவிட்டு சாக்கெட்டைக் கழற்றி, சாண் நீளப் பச்சை வயரை நியூட்ரலிலிருந்து எர்த் திருகுக்குப் பூட்டினேன். பத்து நிமிட வேலை. போட்டதும் இரைச்சல் துடைத்தாற்போலப் போய்விட்டது. அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். அண்ணி பெட்டி மேல் கை வைத்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "இப்ப ஒண்ணுமே இல்லப்பா." தகடு அடுத்த மாதம் வாங்கலாம் என்று இருந்தேன். அடுத்த மாதமும் அப்படியே சொல்லிக்கொண்டேன்.

ஐப்பசியில் மூன்று நாள் விடாமல் மழையும் காற்றும். உப்பளத்தில் வேலை இல்லை, அண்ணி வீட்டில் இருந்தார். நான் கடைக்குப் போயிருந்தேன். பதினொரு மணிக்குப் பக்கத்து வீட்டு அக்காவின் மகன் சைக்கிளில் வந்து, "உங்க அண்ணி கீழ விழுந்துட்டாங்க" என்றான்.

அண்ணி பெட்டியின் அருகே தரையில் கிடந்தார். கையில் ஈரத்துணி. கூரை ஒழுகிப் பெட்டி மேல் சொட்டியிருக்கிறது, துடைக்கப் போயிருக்கிறார். அண்ணன் கட்டிலில் இருந்தபடி எல்லாவற்றையும் பார்த்திருக்கிறார். அவர் கட்டிலை அடித்த சத்தம் கேட்டுத்தான் பக்கத்து வீட்டு அக்கா வந்தாராம்.

"கரண்டே இல்லியே. லைட்டு எரியல, ஃபேன் ஓடல. கட்டையால தள்ளி எடுத்தோம். அப்பவே மூச்சு இல்ல" என்று அக்கா அழுதார்.

கரண்ட் இல்லை என்றுதான் அண்ணியும் நினைத்திருப்பார். கம்பத்தில் நியூட்ரல் அறுந்திருந்தது. அப்படி அறுந்தால் விளக்கு எரியாது. ஆனால் மற்றக் கம்பியில் வரும் மின்சாரம் விளக்கையும் ஃபேனையும் கடந்து, திரும்பிப் போக வழியில்லாமல் வீட்டு நியூட்ரல் வயரில் நிற்கும். நான் போட்ட பச்சை வயர் அதைப் பெட்டியின் தகட்டுக்குக் கொண்டுபோய்விட்டது.

இது எனக்கு அங்கே நின்றபோதே புரிந்துவிட்டது. உடம்பை வேனில் ஏற்றக் கூட்டம் வெளியே போன நேரத்தில் மெயினை அணைத்து, சாக்கெட்டைக் கழற்றி அந்த வயரைப் பிடுங்கி ஜேபியில் போட்டுக்கொண்டேன். திரும்பியபோது அண்ணன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஊர் முழுக்க லைன்மேன் மேல் பாய்ந்தது. கம்பத்தில் அறுந்ததை எல்லோரும் பார்த்திருந்தார்கள். அவர் உப்புக்காற்றில் ஜாயிண்ட் அரித்துப்போனதைக் கையில் எடுத்துக் காட்டினார், யாரும் கேட்கவில்லை. ஒருவர் அவர் சட்டையைப் பிடித்தார். நான் நான்கு அடி தள்ளி நின்றேன். வாயைத் திறக்கவில்லை.

காரியம் முடிந்த மறுநாள் காலையில் லைன்மேன் வீட்டுக்குப் போனேன். வயரை எடுத்து அவர் முன்னால் வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர் வயரைக் கையில் எடுத்துப் பார்த்தார்.

"நியூட்ரல் கட்டானா ஆளு சாவறது எப்பிடின்னு அன்னைக்கே யோசிச்சேன். உங்க வூட்டுல இந்த மாதிரி வயர் லூப் இருக்கும்னு தெரியும்" என்றார்.

"ஏண்ணே சொல்லல?"

"எழவு வூட்டுல வந்து உன்னக் காட்டிக் குடுக்கச் சொல்றியா?" பிறகு, "எங்கிட்ட சொல்லி இன்னா ஆவப் போவுது? உங்கண்ணங்கிட்ட சொன்னியா?" என்றார்.

அன்று மத்தியானம் அண்ணன் கட்டிலருகே உட்கார்ந்து சொன்னேன். மெக்கானிக் வேண்டாம் என்று எச்சரித்ததையும் மறைக்கவில்லை. அவர் கண்ணில் நீர் வரவில்லை. இடது கையை ஊன்றிக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அதற்கே வெகுநேரம் ஆனது.

ராத்திரி சோறு பிசைந்து கொண்டுபோனேன். வாயைத் திறக்கவில்லை. மறுநாளும் திறக்கவில்லை. மூன்றாம் நாள் பக்கத்து வீட்டு அக்கா ஊட்டியதும் சாப்பிட்டார்.

லைன்மேன் மேல் தப்பில்லை என்று ஊரில் ஒவ்வொருவரிடமும் சொன்னேன். சிலர் அதற்குப் பிறகு என்னோடு பேசுவதை விட்டுவிட்டார்கள். போலீசிலும் எழுதிக் கொடுத்தேன். அவர்கள் வாங்கி வைத்துக்கொண்டு என்னை அனுப்பிவிட்டார்கள்.

அண்ணன் 2006 ஆனி வரை இருந்தார். கடைசி வரை அக்காதான் ஊட்டினார். குளிப்பாட்டவும் துணி மாற்றவும் மட்டும் என்னை விட்டார்.